வெயிலும் மாசும் ஒன்றுசேரும் நாளில் செய்யக்கூடாத தவறுகள்

வெயில் எச்சரிக்கை வந்தால் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொள்கிறோம். காற்று மோசம் என்று செய்தி வந்தால் முகக்கவசத்தைத் தேடுகிறோம். இரண்டும் ஒரே நாளில் வந்தாலும் தனித்தனியாகவே யோசிக்கிறோம். பெரும்பாலான தவறுகள் இங்கேதான் ஆரம்பிக்கின்றன.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2014 முதல் 2020 வரையிலான இறப்புப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். கடும் வெப்பம் மட்டும் இருந்த நாள்களில் இறப்பு அபாயம் சுமார் 6 சதவீதம் கூடியிருந்தது, நுண்துகள் மாசு மட்டும் மிகுந்திருந்த நாள்களில் 5 சதவீதம். இரண்டும் சேர்ந்த நாள்களில்? 21 சதவீதம். ஆறையும் ஐந்தையும் கூட்டினால் வருவதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

காரணம் உடம்புக்குள் இருக்கிறது. சூட்டை வெளியேற்றத் தோலுக்கு அதிக ரத்தம் போக வேண்டும். அதற்காக ரத்தக்குழாய்கள் விரிகின்றன, இதயம் வேகமாகத் துடிக்கிறது, வியர்வையில் நீர் போய் ரத்தம் கெட்டிப்படுகிறது. அதே நேரத்தில் பிஎம் 2.5 எனும் நுண்துகள்கள் நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரை இறங்கி அழற்சியை உண்டாக்குகின்றன. ரத்தம் உறையும் தன்மையைக் கூட்டுகின்றன, விரிய வேண்டிய குழாய்களை இறுக்குகின்றன. ஏற்கெனவே அடைப்பு இருக்கும் இதயத்துக்கும், ஆஸ்துமா அல்லது சிஓபிடி எனும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ள நுரையீரலுக்கும் இது தாங்கக்கூடிய சுமையே இல்லை.

வானம் தெளிவாக இருந்தால் காற்றும் சுத்தம் என்று நினைப்பது ரொம்பச் சாதாரணமாக நடக்கும் தவறு. வாகனப் புகையும் பெட்ரோல், பெயின்ட் ஆவிகளும் வெயில் பட்டு வினைபுரியும்போது தரைமட்ட ஓசோன் உருவாகிறது. அது கண்ணுக்குத் தெரியாது. பொதுவாகப் பிற்பகலிலிருந்து மாலை வரை உச்சத்தில் இருக்கும். வெயில் சற்றுத் தணிந்ததும் நடைப்பயிற்சிக்குக் கிளம்புகிறவர்கள் பல நாள்களில் இதற்குள்தான் போகிறார்கள். சரி, அதிகாலையில் போகலாமா? ஓசோன் அப்போது குறைவுதான். ஆனால் காற்று அசையாத நாள்களில் நுண்துகள்கள் காலையில் தரையை ஒட்டியே தேங்கி நிற்கும். அதனால் காற்றுத் தரக் குறியீட்டின் எண்ணை மட்டும் பார்த்துவிட்டுச் செயலியை மூடிவிடாதீர்கள். அந்த எண் எந்த மாசைக் குறிக்கிறது என்றும் பாருங்கள், அதற்கேற்ப நேரத்தை முடிவுசெய்யுங்கள். ஓசோன், நுண்துகள் இரண்டுமே மோசம் என்றால் அன்றைக்கு உடற்பயிற்சி வேண்டாம். ஓடும்போது ஓய்வில் இருப்பதைவிடப் பல மடங்கு காற்றை உள்ளிழுக்கிறோம்.

முகக்கவசத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. முகத்தில் சரியாகப் பொருந்தும் என்95 நுண்துகள்களைத் தடுக்கும். ஓசோன் ஒரு வாயு, அதை அது தடுக்காது.

அப்புறம் ஜன்னல். மாசுக்குப் பயந்து எல்லாவற்றையும் இறுக மூடிவிட்டு, ஏசி இல்லாத அறையில் புழுங்கிக் கிடப்பது முதியவர்களுக்குப் பேராபத்து. 2010 கோடையில் மாஸ்கோவைச் சிக்கவைத்தது இந்தக் கூட்டணிதான்: வாரக்கணக்கில் வெப்ப அலை, கூடவே காட்டுத்தீப் புகை. வழக்கத்தைவிடச் சுமார் 11,000 பேர் அதிகமாக இறந்தார்கள். அறை தாங்க முடியாத சூடாகிவிட்டால் முதல் எதிரி சூடுதான். குளிர்ச்சியும் சுத்தமான காற்றும் உள்ள நூலகமோ உறவினர் வீடோ இருந்தால் அங்கே போய்விடுவது நல்லது. வெளியே குளிர்ந்து, மாசும் இறங்கியிருக்கும் நேரமாகப் பார்த்து ஜன்னலைத் திறங்கள். ஏசி இருந்தால் வெளிக்காற்றை இழுக்காமல் உள்காற்றையே சுழற்றும்படி வையுங்கள். ஆனால் சாதாரண ஏசி நுண்துகள்களைப் பெரிதாக வடிகட்டாது, அதற்கு ஹெப்பா வடிகட்டி உள்ள கருவி தேவை. மூடிய வீட்டுக்குள் கொசுவர்த்தி, சிகரெட், நீண்ட நேரம் பொரிப்பது எல்லாமே மாசுதான். 40 டிகிரிக்கு மேல் போனால் மின்விசிறியை மட்டும் நம்பவும் கூடாது. அது சூடான காற்றை உடம்பின் மேல் அடித்து இன்னும் சூடேற்றும்.

என்னைக் கேட்டால், மிகவும் கவலைப்பட வேண்டிய தவறு மருந்து விஷயத்தில்தான் நடக்கிறது. நீர் பிரியும் மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வெயிலில் நீரிழப்பு எளிதில் வரும். படுக்கையிலிருந்து எழுந்ததும் தலை கிறுகிறுக்கும், கண் இருட்டும். உடனே சிலர் தாங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் "வெயிலாச்சே" என்று அளவில்லாமல் தண்ணீர் குடித்து, கால் வீங்கி, மூச்சுத் திணறி மருத்துவமனைக்குப் போகிறார்கள். கோடை தொடங்கும் முன்பே மருத்துவரிடம் இரண்டு கேள்விகள் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர், எந்த அறிகுறி வந்தால் மாத்திரையின் அளவை மாற்ற வேண்டும். நிறுத்திவைத்த காருக்குள் இன்ஹேலரை விட்டுவிடாதீர்கள். பெரும்பாலானவற்றை 30 டிகிரிக்குள் வைக்கச் சொல்லித்தான் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும்.

வெயில் தணிந்ததும் ஆபத்து முடிந்தது என்றும் இருந்துவிட வேண்டாம். பாதிப்பு சில நாள் கழித்தும் வெளிப்படலாம். நெஞ்சில் அழுத்தம், பேசி முடிக்க முடியாத மூச்சிரைப்பு, ஒரு பக்கம் கை கால் தளர்வது, பேச்சு குழறுவது, இதில் எது வந்தாலும் "வெயில் அசதி, படுத்தால் சரியாகிவிடும்" என்று காத்திருக்காமல் ஆம்புலன்ஸை அழையுங்கள். ஒருவர் உடம்பு கொதித்து, மனம் குழம்பிப் பேசினால் அது வெப்பவாதமாக (ஹீட் ஸ்ட்ரோக்) இருக்கலாம். ஆம்புலன்ஸ் வரும் வரை நிழலில் கிடத்தி, ஆடையைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.