பியானோவை அறுக்கும் முன்

பழைய இசைக்கருவிகளையும் கண்டெடுத்த பொருள்களையும் வைத்துச் சிற்பம் செய்ய இறங்குபவர்கள் முதலில் சறுக்குவது அழகில்தான். வயலினின் வளைவும் டிரம்பெட்டின் வாயும் ஏற்கெனவே அழகு. அதன்மேல் நாலு பல்சக்கரத்தை ஒட்டித் தங்க நிறம் பூசினால் கண்ணுக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது சுவர் அலங்காரம். ஒரு காலத்தில் பேசிய பொருள் இப்போது ஏன் பேசவில்லை என்ற கேள்வி அதில் எழவே எழாது.

அந்தக் கேள்வியை எழுப்பிய மூன்று கலைஞர்களைப் பாருங்கள். யோசெப் பாய்ஸ் 1966-இல் ஒரு கிராண்ட் பியானோவைச் சாம்பல் நிற ஃபெல்ட் (கம்பளி இழைகளை அழுத்திச் செய்த தடித்த) துணியால் முழுக்க மூடித் தைத்தார். ஒலி உள்ளேயே இருக்கிறது, வெளியே வர வழியில்லை. ரெபெக்கா ஹார்ன் 1990-இல் பியானோவைத் தலைகீழாகத் தொங்கவிட்டார். சில நிமிடங்களுக்கு ஒருமுறை விரலால் அழுத்தும் கட்டைகள் பெரும் சத்தத்தோடு வெளியே பிதுங்கும், பிறகு மெல்ல உள்ளே போகும். கொர்னேலியா பார்க்கர் பித்தளை ஊதுகருவிகளைத் தட்டையாக நசுக்கினார். ஊத இனி இடமே இல்லை. மூன்று பேரும் கை வைத்தது ஒலியில். கத்தியை எடுக்கும் முன், அந்த ஒலியை என்ன செய்யப்போகிறீர்கள் என்று நீங்களும் முடிவு செய்துகொள்ளுங்கள்.

அடுத்தது, தேய்த்துப் பளபளப்பாக்குவது. மோவாய் பட்டு வார்னிஷ் போன இடம்தான் அந்த வயலினின் கதை. தூசியைத் தட்டுங்கள், போதும்.

உடம்புக்கே ஆபத்தான தவறு ஒன்று உண்டு. பியானோவில் சுமார் 230 கம்பிகள். அவற்றின் மொத்த இழுவிசை 15 முதல் 20 டன் வரை வரும். முறுக்கைத் தளர்த்தாமல் கம்பியை வெட்டினால் அது சாட்டையாகத் திரும்பும். ஒரு பக்கத்தை மட்டும் முழுதாகத் தளர்த்தினாலும் இரும்புச் சட்டம் விரிசல் விடலாம். எல்லாக் கம்பிகளையும் கொஞ்சம் கொஞ்சமாக, பல சுற்றுகளில் தளர்த்துங்கள். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் அருகே போகாதீர்கள்.

வயலினைப் பிரிக்க ரம்பம் எதற்கு? மரபான வயலின்கள் தச்சர்கள் வஜ்ஜிரம் என்று சொல்லும் விலங்குப் பசையால் ஒட்டப்பட்டவை. ஈரமும் சூடும் பட்டால் அது இளகும். மெல்லிய தகட்டை நுழைத்துப் பொறுமையாக நகர்த்தினால் மேல்பலகை முழுதாகவே கையில் வரும்.

பழைய பியானோவின் வெள்ளைக் கட்டைகளையும் உற்றுப் பாருங்கள். மேல்தகடு இரு துண்டாக, நடுவே மயிரிழைக் கோடோடு, நுண்ணிய வரிகளோடு இருந்தால் அது தந்தமாக இருக்க வாய்ப்பு அதிகம். 1989-இல் எடுத்த முடிவின்படி, அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தம் தந்தத்தின் சர்வதேச வணிகத்தைத் தடை செய்தது. செய்து முடித்த படைப்பை வெளிநாட்டுக் கண்காட்சிக்கு அனுப்பும்போது சுங்கத்தில் மாட்டிக்கொள்வதைவிட, அந்தக் கட்டைகளை முதலிலேயே ஒதுக்கிவிடுவது சுலபம்.