வீட்டு இருமல் மருந்து: எல்லாருக்கும் ஒரே கரண்டி வேண்டாம்

சளி, இருமலுக்குத் தேனும் இஞ்சிச் சாறும் வெந்நீரும் போதும் என்று நினைப்பதில் தவறே இல்லை. சாதாரணச் சளி வைரஸால் வருவது. அதை விரட்டும் மருந்து எந்தக் கடையிலும் கிடையாது. தொண்டைக்கு இதம் கொடுத்து, இரவில் தூங்க வைத்தாலே பெரிய காரியம். தவறு நடப்பது, ஒரே கிண்ணத்தில் கலக்கி வீட்டிலுள்ள எல்லாருக்கும் அதையே ஊட்டும்போதுதான்.

ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. நாக்கில் தொட்டு வைப்பதும் வேண்டாம். தேனில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். பெரியவர்களின் குடலில் பொதுவாக அவை முளைப்பதில்லை. பச்சிளங்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சைச் சுரக்கும். மலச்சிக்கல் வரும், அழுகை மெலியும், பால் உறிஞ்ச முடியாமல் போகும், மூச்சே தடைபடலாம். "கொதிக்க வைத்துத்தானே கொடுக்கிறேன்" என்பார்கள். கொதிநீரின் சூட்டுக்கு அந்த வித்துகள் சாகாது. ஒரு வயது தாண்டிய பிள்ளைக்குப் படுக்கும் முன் அரை முதல் ஒரு டீஸ்பூன் தேன் போதும். சர்க்கரை நோயாளிகளுக்குத் தேனும் சர்க்கரைக் கணக்குத்தான்.

பிள்ளைகளை ஆவி பிடிக்க வைப்பதையும் விட்டுவிடுங்கள். பாத்திரம் கவிழ்ந்தால் தொடையும் வயிறும் வெந்துபோகும். மூக்கடைப்புக்கு உப்புநீரே போதும்: கொதித்து ஆறிய 240 மி.லி. நீரில் அரை டீஸ்பூன் உப்பு, மூக்கில் ஓரிரு சொட்டு, அன்றன்று புதிதாகக் கலந்தது. எண்ணெய் விடாதீர்கள், நுரையீரலுக்குள் இறங்கிவிடும். கற்பூரம் சேர்ந்த தைலம் 2 வயதுக்குக் கீழ் ஆகாது. கற்பூரத்தை விழுங்கிவிட்டால் வலிப்பே வரும்.

போன தடவை மிச்சமான ஆன்டிபயாடிக்கை எடுத்துக் கொடுப்பது வீண். வைரஸிடம் அது வேலை செய்யாது. சளி மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமால் இருக்கிறது. காய்ச்சலுக்குத் தனியாக ஒன்று கொடுத்தால் அளவு இரட்டிப்பாகி ஈரலைக் கெடுக்கும். அட்டையைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

கடைசித் தவறு, கைவைத்தியத்தை நம்பி நாளைக் கடத்துவது. மூன்று மாதம் நிறையாத குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும் அப்படித்தான். பிள்ளை அழாமல் இருக்கும்போது ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணுங்கள். 2 மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் என்றால், அடுத்த கரண்டி மருந்துக்குக் காத்திராமல் கிளம்புங்கள்.