மும்பையிலிருந்து கப்பலேறும் தமிழருக்குத் தகலாகு உறவுமுறைச் சொற்கள்

செம்பூரிலோ மாட்டுங்காவிலோ நெருலிலோ வளர்ந்து வணிகக் கப்பல் வேலைக்குச் செல்லும் தமிழ் இளைஞர்கள் பலரும் பிலிப்பினோ மாலுமிகளோடு ஒரே மேசையில் உண்ண நேர்கிறது. வேலைக்குரிய மொழி ஆங்கிலமே என்றாலும், பணி முடிந்து மெஸ்ஸில் உட்கார்ந்தவுடன் பேச்சு வீட்டுப் பக்கம் திரும்பிவிடும். கைப்பேசியில் குடும்பப் படங்கள் வெளிவரும். அப்போது கைகொடுப்பவை பிலிப்பைன்ஸின் பொது மொழியான தகலாகின் உறவுமுறைச் சொற்கள். அவற்றைக் கற்க, தமிழ் முறைப்பெயர்களை வரிசையாக எழுதி எதிரே ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல்லை நிரப்பும் வழியைப் பலர் பின்பற்றுகின்றனர். அது பயன் தராது. நாம் நான்காகப் பிரிக்கும் உறவை அவர்கள் ஒரே சொல்லில் அடக்குகிறார்கள். நாம் பொதுவாக விட்டுவிடும் சிலவற்றுக்கு அவர்கள் தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள். ஆகவே, முதலில் அழைக்கும் சொற்கள், அடுத்துக் குறிப்பிடும் சொற்கள், பிறகு அவற்றை வாக்கியத்தில் கோக்கும் முறை என்ற வரிசையே நல்லது.

தொடங்குமுன் ஒலி பற்றிச் சில குறிப்புகள். தகலாகு இன்று ரோமன் எழுத்தில் எழுதப்பட்டாலும் அதை ஆங்கிலம்போல் வாசிக்கக் கூடாது. அக்காவைக் குறிக்கும் சொல்லின் மூன்று எழுத்துகளைப் பார்த்து ‘ஏட்’ என்று படிப்பவர் உண்டு, அது ‘ஆத்தே’. அங்கே வரும் ஒலி நம் தகரமே, டகரம் அல்ல. அரிச்சுவடியோடு நாம் விட்டுவிட்ட தனித்த ‘ங’ அவர்களிடம் அன்றாடம் புழங்குகிறது. மூத்த பிள்ளையைக் குறிக்கும் ‘பஙனாய்’ என்பதில் ஙகரத்துக்குப் பின் ககரம் சேர்த்துவிடாமல் சொல்லிப் பழக வேண்டும். தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு: ‘பல்’லில் வரும் பகரமும் ‘பஸ்’ஸில் வரும் பகரமும் நமக்கு ஒரே எழுத்து, அவர்களுக்கு வெவ்வேறு ஒலிகள். கடைக்குட்டியைக் குறிக்கும் ‘புன்சோ’, மைத்துனனைக் குறிக்கும் ‘பயாவ்’ போன்றவை ‘பஸ்’ வகை. ‘பஙனாய்’ ‘பல்’ வகை. ‘பஸ்’ வகைச் சொற்களைக் குறிப்பேட்டில் அடிக்கோடிட்டு வைத்தால் குழப்பம் வராது.

அழைக்கும் சொற்கள் எளியவை. அம்மா ‘நானாய்’, அப்பா ‘தாத்தாய்’. பின்னது நம் தாத்தாவை நினைவூட்டும் என்பதால் சில நாள்கள் நாக்கு தடுமாறும். பாட்டன் ‘லோலோ’, பாட்டி ‘லோலா’. தந்தை வழியா, தாய் வழியா என்ற கேள்வியே அங்கே இல்லை. பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தையின் கணவர் எல்லாரும் ‘தீத்தோ’. பெரியம்மா, சித்தி, அத்தை, மாமி எல்லாரும் ‘தீத்தா’. வீட்டுக்குத் தொலைபேசும்போது நாம் ‘மாமா’ என்று விளித்தால், அருகில் இருக்கும் பிலிப்பினோ நண்பர் நாம் தாயிடம் பேசுவதாகவே எண்ணுவார். நகரத்துக் குடும்பங்களில் தாயை ‘மாமா’ என்று அழைப்பது அங்கே பெருவழக்கு.

அண்ணன் ‘கூயா’, அக்கா ‘ஆத்தே’. இவ்விரண்டும் வீட்டைத் தாண்டியவை. மும்பையில் முன்பின் தெரியாதவரையும் ‘தாதா’, ‘தாயி’ என்று மராத்தியில் விளிப்பதுபோல், மணிலாவில் ஓட்டுநரும் கடைக்காரரும் ‘கூயா’ ஆவார்கள். கப்பலிலும் வயதில் மூத்த சமையற்காரரையோ எண்ணெய்ப் பணியாளரையோ ‘கூயா’ சேர்த்துப் பெயர் சொல்லி அழைக்கலாம். ஆனால் கேப்டனையோ தலைமைப் பொறியாளரையோ அப்படி அழைக்கக் கூடாது, அங்கே ‘சார்’தான். மூத்தவர் பலர் இருக்கும் பழைய பாணிக் குடும்பங்களில் இரண்டாம் அண்ணன் ‘தீக்கோ’, மூன்றாமவர் ‘சங்க்கோ’, இரண்டாம் அக்கா ‘தித்சே’, மூன்றாமவர் ‘சன்சே’ என்று வரிசை நீளும். இந்த வரிசைப் பெயர்கள் ஹொக்கியன் மொழி பேசும் சீனர்களிடமிருந்து வந்தவை. லோலோ, லோலா, தீத்தோ, தீத்தா ஆகியவை 1565 முதல் 1898 வரை நீடித்த ஸ்பானிய ஆட்சியின் வழி வந்தவை. இரத்த உறவின் அடிப்படைச் சொற்கள் தீவுகளுக்கே உரியவை. இந்த மூன்று அடுக்கையும் மூன்று நிறங்களில் எழுதிக்கொள்வது மனப்பாடத்துக்கு உதவுகிறது.

அடுத்து, குறிப்பிடும் சொற்கள். ‘அனாக்’ என்றால் பிள்ளை, ‘கப்பத்தித்’ என்றால் உடன்பிறப்பு, ‘அசாவா’ என்றால் வாழ்க்கைத்துணை, ‘அப்போ’ என்றால் பேரப்பிள்ளை. எவற்றிலும் ஆண், பெண் வேறுபாடு இல்லை. ‘சியா’ என்ற ஒரே சொல் அவனையும் அவளையும் குறிப்பதால், ஒருவர் தம் ‘கப்பத்தித்’ பற்றி வெகுநேரம் பேசியும் அது தம்பியா தங்கையா என்று தெரியாமலே போகலாம். தெளிவு தேவைப்பட்டால் ஆணுக்கு ‘நா லலாக்கி’, பெண்ணுக்கு ‘நா பபாயே’ என்று சேர்த்துச் சொல்வார்கள்.

பெற்றோரின் உடன்பிறந்தோருடைய பிள்ளைகள் அனைவரும் ‘பின்சான்’. சித்தப்பா மகனுக்கும் அத்தை மகனுக்கும் அங்கே பேதம் கிடையாது. நம்மவர் கவனமாக இருக்க வேண்டிய இடம் இது. மாமன் மகளை மணந்தவர் “என் அசாவா என் பின்சான்” என்று சொன்னால் மேசையே அமைதியாகிவிடும். பிலிப்பைன்ஸின் 1987ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டம் பெற்றோரின் உடன்பிறந்தோர் பிள்ளைகளுக்கு இடையிலான திருமணத்தைச் செல்லாததாகவே கொள்கிறது. அந்த ஊரில் பின்சான் என்பவர் உடன்பிறந்தவருக்கு அடுத்த நிலையில் இருப்பவர். முறைப்பெண், முறைமாப்பிள்ளை வழக்கத்தைச் சில வாக்கியங்களில் விளக்கத் தயாராக இருங்கள், அல்லது அசாவா என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதேபோல், அக்கா மகனும் மகளின் கணவனும் நமக்கு மருமகனே. தகலாகில் முன்னவர் ‘பமங்க்கின்’, பின்னவர் ‘மனூகாங்’, இரண்டும் ஒருபோதும் கலவா.

சம்பந்த உறவுகளில்தான் தமிழருக்கு வேலை சுலபம், ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் இல்லாத உறவுகளுக்கு இரு மொழிகளிலும் பெயர் இருப்பதால். நம் சம்பந்தி அவர்களுக்குப் ‘பலாயே’. பொருள் அப்படியே பொருந்தும். சகலையும் ஓரகத்தியும் சேர்ந்து ‘பிலாஸ்’ ஆகிறார்கள், அதாவது துணையின் உடன்பிறந்தவரை மணந்தவர் யாராயினும் பிலாஸ்தான். மாமனார், மாமியார் இருவரும் ‘பியெனான்’. மனைவியின் சகோதரனும் சகோதரியின் கணவனும் ‘பயாவ்’. நாத்தனார், கொழுந்தியாள், அண்ணி எல்லாரும் ‘ஹீப்பாக்’.

ஞானத்தந்தையை ‘நீனோங்’ என்றும் ஞானத்தாயை ‘நீனாங்’ என்றும் அழைக்கும் கிறித்தவ வழக்கும் உறவாகவே எண்ணப்படுகிறது. குழந்தையின் தகப்பனும் ஞானத்தந்தையும் ஒருவரை ஒருவர் ‘கும்பாரே’ என்று அழைத்தது, இன்று ‘பாரே’ என்று சுருங்கி, ஆண் நண்பர்களிடையே நம் ‘மச்சான்’போல் கப்பல் தளம் முழுவதும் கேட்கிறது. சம வயதினரிடம் மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

இனி வாக்கியம். உடைமைச் சொல் பெயருக்குப் பின் வருகிறது: ‘நானாய் கோ’ என்பது என் அம்மா, ‘நானாய் மோ’ என்பது உன் அம்மா. ஒருவர் கைப்பேசிப் படத்தை நீட்டும்போது “சினோ இத்தோ?” என்று கேட்டால், இது யார் என்று பொருள். “அனாக் கோ, பஙனாய்” என்று அவர் சொன்னால் அது அவருடைய மூத்த பிள்ளை. “இலான் அங் அனாக் மோ?” என்று தொடர்ந்தால் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டதாகும். கேட்கப்படுபவர் வயதில் மூத்த போசனாக, அதாவது தள மாலுமிகளின் மேற்பார்வையாளராக, இருந்தால் இதே கேள்வி “இலான் போ அங் அனாக் நின்யோ?” என்று மாறும். ‘மோ’ ‘நின்யோ’ ஆவது, நாம் ‘உனக்கு’ என்பதை ‘உங்களுக்கு’ என்று மாற்றுவது போன்றது. இடையில் நுழைந்த ‘போ’ நம் காதுக்கு விரட்டுவதாகப் படும். அங்கே அதுவே மரியாதையின் அடையாளம், குரல்வளையில் சட்டென்று நிறுத்திக் குறுக்கிச் சொல்ல வேண்டும்.

‘எங்கள்’, ‘நம்’ என்ற வேறுபாட்டை இந்திக்காரர் தனியே கற்க வேண்டியிருக்கும். தமிழருக்கும் மராத்தியருக்கும் அது பிறவியிலேயே உண்டு. கேட்பவரை விலக்கினால் ‘நானாய் நாமின்’, உடன்பிறந்தவரிடமே தாயைப் பற்றிப் பேசும்போது ‘நானாய் நாத்தின்’. இருவரை இணைத்துச் சொல்ல முன்னொட்டு ஒன்று போதும்: ‘மக்-இனா’ தாயும் பிள்ளையும், ‘மக்-அமா’ தந்தையும் பிள்ளையும், ‘மக்-அசாவா’ கணவனும் மனைவியும். உடன்பிறந்தோர் இருவர் என்றால் ‘மக்கப்பத்தித்’, மூவரோ அதற்கு மேலோ என்றால் ‘மக்ககப்பத்தித்’.

பயிற்சிக்கு உறவினர் பலர் நிற்கும் ஒரு திருமணப் படம் போதும். ஹார்பர் வழித்தட ரயிலில் நெருலிலிருந்து செம்பூர் வருவதற்குள், படத்தில் ஒவ்வொரு முகத்துக்கும் “இவர் எனக்கு யார்” என்று ஒருமுறை, “இவருக்கு நான் யார்” என்று மறுமுறை தகலாகில் சொல்லிப் பாருங்கள். இரண்டாவது சுற்றுதான் கடினம். தீத்தோவுக்கு நாம் பமங்க்கின், லோலாவுக்கு அப்போ, பியெனானுக்கு மனூகாங் என்று திருப்பிச் சொல்ல வந்துவிட்டால் சொற்கள் நிலைத்துவிடும்.

கப்பலில் இருக்கும் பிலிப்பினோக்கள் அனைவருக்கும் தகலாகு தாய்மொழி அல்ல என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள். லுசோன் தீவின் வடக்கிலிருந்து வரும் இலோகானோக்கள் அண்ணனை ‘மனோங்’ என்றும் அக்காவை ‘மனாங்’ என்றும் அழைப்பார்கள். செபு, இலோயிலோ பகுதியினருக்கு வேறு தாய்மொழிகள் உண்டு. தகலாகு எல்லாருக்கும் புரியும். என்றாலும் ஊரைக் கேட்டு, அவர் வீட்டில் அண்ணனை எப்படி அழைப்பார்கள் என்றும் கேட்டு, அந்தச் சொல்லாலேயே அவரை அழையுங்கள்.