குடும்ப வேரைத் தேட ஆரம்பிக்கிறது எப்படி? எட்டுப் பேர்ல இருந்து தொடங்குங்க

ஒரு பேப்பர் எடுத்து உங்க கொள்ளுத்தாத்தா நாலு பேரு, கொள்ளுப்பாட்டி நாலு பேரு, மொத்தம் எட்டுப் பேரையும் எழுதிப் பாருங்க. பாதியிலயே கை நின்னுடும். அவங்களோட பேசின, அவங்க மடியில உக்காந்த யாராவது ஒருத்தர் இன்னைக்கும் உங்க குடும்பத்துல இருக்கலாம், அவர்கிட்ட இந்த மாசமே போய்க் கேட்டுடுங்கன்னு சொல்லத்தான் இதை எழுதுறேன். ரெக்கார்ட் அடுத்த வருஷமும் அங்கேயேதான் இருக்கும், எண்பது வயசு அத்தையோட ஞாபகம் அப்படி இல்ல.

முதல் வேலை: நம்பர் போடுங்க

சாஃப்ட்வேர் எதுவும் இப்போ வேண்டாம், ஒரு நோட்டு போதும். நீங்க 1, அப்பா 2, அம்மா 3. யாரோட நம்பரா இருந்தாலும் ரெண்டால பெருக்கினா அவரோட அப்பா நம்பர், அதோட ஒண்ணு கூட்டினா அம்மா நம்பர். அப்போ 13 யாரு? அம்மா 3, அம்மாவோட அப்பா 6, அவரோட அம்மா 13. எட்டுக் கொள்ளுத்தாத்தா பாட்டியும் 8ல இருந்து 15க்குள்ள வந்துடுவாங்க. இந்த முறை 1590லயே புத்தகத்துல அச்சானது, இன்னைக்கும் இதைவிட சுலபமா ஒண்ணு நான் பார்க்கல, எந்தக் கட்டம் காலின்னு ஒரே பார்வையில தெரிஞ்சிடும். சொந்தத்துக்குள்ளயே கல்யாணம் நடந்திருந்தா ஒரே ஆளு ரெண்டு நம்பர்ல வருவாரு, அது தப்பு இல்ல, ரெண்டு இடத்துலயும் எழுதுங்க.

ரெண்டாவது: பெரியவங்ககிட்ட உக்காருங்க

இதுதான் முக்கியமான படி, நிதானமா பண்ணுங்க. இருக்குறதுலயே வயசானவங்ககிட்ட முதல்ல போங்க. ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணிக்கட்டுமான்னு கேட்டு, அவங்க சரின்னா மட்டும் பண்ணுங்க. "நம்ம குடும்ப வரலாறு சொல்லுங்க"ன்னு கேட்டா "அதுல என்னப்பா இருக்கு"ன்னுதான் பதில் வரும். ஒரு பழைய போட்டோவை கையில குடுங்க. நான் என் அத்தைகிட்ட ஒரு குரூப் போட்டோவைக் குடுத்து இது யாரு இது யாருன்னு வரிசையா கேட்டப்போ எனக்கு முன்னாடியே தெரிஞ்ச பேருங்கதான் வந்துச்சு, அப்புறம் "அந்த ஓரத்துல தூண்ல சாஞ்சுக்கிட்டு நிக்கிற பையன் யாரு அத்தை"ன்னு கேட்டேன், கண்ணாடியை மேல தூக்கிட்டு கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "அது எங்க பெரிய அண்ணன், நான் பிறக்குறதுக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்துட்டான், அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்"னாங்க. அதுவரைக்கும் எங்க லிஸ்ட்ல அப்படி ஒரு பிள்ளையே கிடையாது. அதே போட்டோவுல பாட்டி மடியில இருக்குற கைக்குழந்தை பெரியத்தைன்னு தெரிஞ்சதும் போட்டோ எந்த வருஷம் எடுத்ததுங்கிறதும் கிடைச்சிடுச்சு, ஏன்னா பெரியத்தை பிறந்த தேதி எங்ககிட்ட இருக்கு.

வருஷம் கேக்காதீங்க, வருஷம் யாருக்கும் ஞாபகம் இருக்காது. "அந்த வெள்ளத்துக்கு முன்னாடியா பின்னாடியா", "அப்போ உங்களுக்குப் பள்ளிக்கூடம் போற வயசா", "அவர் போனப்போ சின்னவன் பிறந்துட்டானா"ன்னு கேளுங்க. முக்கால் மணி நேரத்துக்கு மேல இழுக்க வேண்டாம். ரெண்டு நாள் கழிச்சு திரும்பப் போங்க, நீங்க கெளம்பினதுக்கு அப்புறம்தான் அவங்களுக்கு நிறைய ஞாபகம் வரும். சொல்ல விருப்பமில்லாத இடத்துல விட்டுடுங்க. தத்து, ரெண்டாவது கல்யாணம், வீட்டை விட்டுப் போனவர்னு ஏதாவது வரும், அதெல்லாம் அவங்க நம்பிச் சொல்றது, குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல போடக் கூடாது.

யார் சொன்னது, எப்போ சொன்னது

ஒவ்வொரு தகவலுக்குப் பக்கத்துலயும் இதை எழுதுங்க. அவர் நேர்ல பார்த்ததா, கேட்டுச் சொல்றதாங்கிறதையும் சேர்த்து. ரெக்கார்டுக்கும் இதே கணக்குதான். ஒரு இறப்புப் பதிவை எடுத்துக்கோங்க, செத்த தேதியைச் சொன்ன மகன் அன்னைக்கு கூடவே இருந்தவர், அதை நம்பலாம். அதே தாள்ல இருக்குற வயசும் அம்மா பேரும் அவரு கேள்விப்பட்டது, 70, 80ன்னு முழுசா வயசு இருந்தா உத்தேசமாச் சொல்லியிருக்காங்கன்னு எடுத்துக்கோங்க. ஆக, ஒரே தாள்ல ஒரு வரி கெட்டி, இன்னொரு வரி லேசு.

மூணாவது: ரெக்கார்டு

முதல்ல வீட்டுப் பெட்டி, அலமாரி. சர்டிஃபிகேட், பத்திரம், பழைய லெட்டர், போட்டோவோட பின்பக்கம். அப்புறம்தான் ஆன்லைன். ஃபேமிலிசர்ச்னு (FamilySearch) ஒரு வெப்சைட் இருக்கு, இலவசம், ஒரு அக்கவுன்ட் மட்டும் போட்டா போதும், பல நாட்டுப் பதிவுகளோட ஸ்கேன் அங்க இருக்கு. தேடும்போது எல்லாக் கட்டத்தையும் நிரப்பாதீங்க, பேரும் ஊரும் மட்டும் போட்டு ஆரம்பிங்க. எழுதின கிளார்க் காதுல விழுந்தபடிதான் பேரை எழுதியிருப்பாரு, அதனால வேற வேற ஸ்பெல்லிங்ல தேடுங்க. இந்தத் தலைவலி ரொம்பப் பழசு, ஒரே மாதிரி ஒலிக்குற பேருங்களை ஒண்ணாச் சேர்க்குற சவுண்டெக்ஸ் முறைக்கு 1918லயே பேடன்ட் வாங்கியிருக்காங்க.

பதிவு எப்போ தொடங்குச்சுன்னு தெரிஞ்சுக்காம தேடினா நாள்தான் வீணாகும். இங்கிலாந்துல அரசாங்கப் பிறப்பு இறப்புப் பதிவு 1837ல, ஸ்காட்லாந்துல 1855ல, பிரான்ஸ்ல 1792ல ஆரம்பிச்சது. சில பதிவுகள் பூட்டியே இருக்கும், அமெரிக்க சென்சஸ் 72 வருஷம் கழிச்சுத்தான் திறப்பாங்க, 1950ல எடுத்தது 2022லதான் வெளிய வந்துச்சு. சிலது இல்லவே இல்ல. அமெரிக்காவோட 1890 சென்சஸ் 1921 தீ விபத்துல பெரும்பாலும் சேதமாகி, அப்புறம் அழிஞ்சேபோச்சு, அயர்லாந்துல டப்ளின் ஆவணக் காப்பகம் 1922ல எரிஞ்சது. அதனால கிடைக்கலன்னா ஆளே இல்லன்னு அர்த்தம் பண்ணிக்காதீங்க. தேதியில பத்துல இருந்து பதிமூணு நாள் வரைக்கும் இடிச்சா, பழைய காலண்டர்ல இருந்து இப்போ இருக்குற காலண்டருக்கு மாத்தினதாவும் இருக்கலாம், பிரிட்டன் 1752லயும் ரஷ்யா 1918லயும் மாத்துனாங்க.

நாலாவது: பொது மரத்துல சேர்க்குறது

ஃபேமிலிசர்ச், விக்கிட்ரீ (WikiTree) ரெண்டு வெப்சைட்லயும் உலகத்துக்கே ஒரே குடும்ப மரம், யாரு வேணும்னாலும் சேர்க்கலாம் திருத்தலாம். முன்ன பின்ன தெரியாத சொந்தக்காரர் ஒருத்தர் உங்க பாட்டியோட கூடப் பிறந்தவங்க எல்லாரையும் ஏற்கனவே போட்டு வச்சிருப்பாரு. ஆபத்தும் அதுலதான் இருக்கு. பேரும் ஊரும் ஒத்துப்போச்சுன்னு ரெண்டு ஆளை ஒண்ணாக்கிட்டா அதுக்கு மேல இருக்குற அத்தனை தலைமுறையும் தப்பு, அதைப் பார்த்து இன்னும் பத்துப் பேரு காப்பி அடிப்பாங்க. சேர்க்குறதுக்கு முன்னாடி பிறந்த வருஷங்களைக் கழிச்சுப் பாருங்க. பிள்ளை பிறந்தப்போ அம்மாவுக்கு வயசு 9ன்னோ 61ன்னோ வந்தா அங்கேயே நிறுத்துங்க. அம்மா இறந்த பிறகு பிள்ளை பிறக்க முடியாது, அப்பா இறந்து ஒன்பது மாசம் வரைக்கும் பிறக்கலாம். உயிரோட இருக்குறவங்க பிறந்த தேதி, அம்மாவோட குடும்பப் பேரு எதையும் பொதுவுல போடாதீங்க, பேங்க்ல அடையாளத்துக்குக் கேக்குற கேள்விங்க அதேதான்.

ரெண்டு பேரு ரெண்டு விதமாச் சொன்னா

ரெண்டையும் எழுதுங்க, எதையும் அடிக்காதீங்க. எங்க வீட்டுல கொள்ளுப்பாட்டிக்கு அத்தை ஒரு பேரு சொன்னாங்க, பத்திரத்துல வேற பேரு இருந்துச்சு. முதல் மனைவி, ரெண்டாவது மனைவியா இருக்கும்னு ரொம்ப நாள் நெனச்சுக்கிட்டே இருந்தேன். கடைசியில ஒரு பழைய லெட்டர்ல ரெண்டு பேரும் ஒரே வரியில வந்துச்சு, ஒண்ணு வீட்டுல கூப்பிடுற பேரு, இன்னொண்ணு எழுத்துப் பேரு. ஒண்ணை அடிச்சிருந்தா அந்த லெட்டரைப் படிச்சும் எனக்கு எதுவும் புரிஞ்சிருக்காது.

டிஎன்ஏ டெஸ்ட் எடுக்கலாமான்னு கேப்பீங்க. இதெல்லாம் முடிச்சிட்டு எடுங்க. பெரியப்பா பிள்ளை, மாமா பிள்ளை மாதிரி நெருக்கமான சொந்தம்னா சராசரியா எட்டுல ஒரு பங்கு டிஎன்ஏ ரெண்டு பேருக்கும் ஒண்ணா இருக்கும், ரெண்டு மூணு தலைமுறை தள்ளிப்போனா ஒண்ணுமே காட்டாமலும் போகலாம். மரம் இல்லாம, டெஸ்ட்ல வர்ற சொந்தக்காரங்க லிஸ்ட்டை மட்டும் வச்சு பெருசா எதுவும் பண்ண முடியாது.

கடைசியா: பேக்கப், பிரின்ட்

மாசத்துக்கு ஒரு தடவை மரத்தை ஜெட்காம் (GEDCOM) ஃபைலா இறக்கி வைங்க, 1984ல வந்த ஃபார்மேட், கிட்டத்தட்ட எல்லா ஃபேமிலி ட்ரீ சாஃப்ட்வேர்லயும் திறக்கும். ஆனா போட்டோவும் குரல் ரெக்கார்டிங்கும் அதுல முழுசா வராது, தனியா ரெண்டு இடத்துல வைங்க.

அப்புறம் மரத்தை பெரிய எழுத்துல பிரின்ட் எடுத்து, காலிக் கட்டத்தைக் காலியாவே விட்டு, ஒரு பேனாவோட பெரியவங்க கையில குடுத்துட்டு வாங்க. என் அத்தை மூணு நாள் அதை மடிச்சுத் தலகாணிக்கு அடியில வச்சிருந்தாங்க. திரும்பப் போனப்போ 13ஆம் நம்பர் கட்டத்துல நடுங்கின எழுத்துல ஒரு பேரு இருந்துச்சு.