மதிப்பீட்டாளர் வீட்டுக்கு வருகிறார் என்றால் வயிறு கலங்குகிறதா?

இது ஓட்டுநர் தேர்வு அல்ல. அதை முதலில் மனத்தில் போட்டுக்கொள்ளுங்கள். பேருந்து ஓட்டிய காலத்தில் எனக்குத் தெரிந்த சோதனை எல்லாமே, திறமை முழுவதையும் காட்டினால்தான் தேறும் வகை. பக்கவாதம் வந்து இடது பக்கம் ஓய்ந்த பிறகு நடந்த கேர்ஷீல்டு லைஃப் (கடும் உடற்குறை வந்தால் மாதந்தோறும் உதவித்தொகை தரும் சிங்கப்பூர்க் காப்புறுதித் திட்டம்) மதிப்பீட்டில் காட்ட வேண்டியிருந்தது என் சாதாரண நாளைத்தான். வெள்ளைச் சட்டை போட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, "எல்லாம் நானே பார்த்துக்கிறேன் டாக்டர்" என்று சொல்லத் துடிக்கும் நம் ஆட்களுக்கு இது கொஞ்சம் கஷ்டம்தான்.

என்ன கேட்பார்கள் என்று தெரிந்தாலே பயம் பாதி குறையும். பார்ப்பது ஆறு காரியங்கள்: குளிப்பது, உடுத்துவது, உண்பது, கழிவறை, வீட்டுக்குள் நடமாடுவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது. இவற்றில் மூன்றையாவது தொடக்கம் முதல் முடிவு வரை இன்னொருவர் கைகொடுக்காமல் செய்ய முடியாது என்றால் கடும் உடற்குறை. சமைப்பது கணக்கில் வராது. தட்டில் வைத்ததை வாய்க்குக் கொண்டுபோக முடிகிறதா என்பதே கேள்வி. படியேறுவதும் வராது, சமதரையில் அறைக்கு அறை போவதுதான்.

செலவை நினைத்தும் தூக்கம் கெட வேண்டாம். மதிப்பீட்டாளரின் மருந்தகத்துக்கு (கிளினிக்) நாம் போனால் 100 வெள்ளி, அவர் வீட்டுக்கு வந்தால் 250 வெள்ளி. ஆனால் முதல் மதிப்பீட்டுக்குக் கட்டணம் கிடையாது.

வருவதற்கு முந்தைய வாரம் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். பெரிதாக ஒன்றும் எழுத வேண்டாம். "காலையில் கைலி கட்டிவிட்டது மனைவி. பொத்தான் போட்டதும் அவள்தான். மதியம் கழிவறையில் கைப்பிடியைப் பிடித்து நின்றேன், கால்சட்டையை அவள் ஏற்றிவிட்டாள்." இப்படித்தான் என் நோட்டு இருந்தது. நன்றாக இருந்த நாளையும் எழுதுங்கள், மோசமான நாளையும் எழுதுங்கள். பதற்றத்தில் நாக்கு ஒட்டிக்கொள்ளும்போது அதைப் பார்த்துச் சொல்லலாம். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபோது கொடுத்த அறிக்கை, மருந்துப் பட்டியல், அடையாள அட்டை எல்லாவற்றையும் அதே பையில் வைத்துவிடுங்கள். அப்புறம் அந்தப் பையைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்க்காதீர்கள்.

யார் பேசுவது என்பதை வீட்டில் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். கழிவறை விஷயத்தை என் முன்னால் சொல்ல என் மனைவிக்கு வாய் வரவில்லை. "ஏங்க, அதையும் சொல்லட்டுமா?" என்று முதல் நாளே கேட்டாள். சொல் என்றேன். அந்த ஒரு பேச்சு எங்கள் இருவருக்கும் பெரிய பாரத்தை இறக்கியது. மதிப்பீட்டாளருக்குத் தமிழ் தெரியாவிட்டால் பிள்ளைகள் மொழிபெயர்க்கட்டும். ஆனால் அம்மா ஐந்து நிமிடம் சொன்னதை "ஷி நீட்ஸ் டு ஹெல்ப் ஹிம்" என்று ஐந்து வார்த்தையில் முடிக்கக்கூடாது என்று சொல்லி வையுங்கள்.

அன்று காலை வீட்டை விழா மாதிரி அலங்கரிக்காதீர்கள். குளியலறை நாற்காலி, சிறுநீர்ப் புட்டி, சக்கர நாற்காலி எல்லாம் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். மருந்தை வழக்கம்போல் சாப்பிடுங்கள். நோய் கூடுதலாகத் தெரியட்டும் என்று நிறுத்துவது ஆபத்து, நேர்மையும் அல்ல. நெஞ்சு படபடத்தால், இழுக்கும் மூச்சைவிட விடும் மூச்சை நீளமாக்குங்கள். எனக்கு அதைவிட உதவியது ஆளைக் கீழே அனுப்பி வாங்கிவரச் சொன்ன கோப்பி ஓ கொசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாத கறுப்புக் கோப்பி)தான், ஆனால் படபடப்பு அதிகமுள்ளவர்கள் கோப்பியைத் தவிர்ப்பது நல்லது.

எழுந்து நடந்து காட்டச் சொன்னால், முடியாததை முடியும் என்று முயலாதீர்கள். "பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும்" என்று சொல்லிவிட்டு ஆள் வரும்வரை உட்கார்ந்தே இருங்கள். விழுந்து வைத்தால் அது வேறு கதை. ஒரு காரியம் சில நாள் முடியும், சில நாள் முடியாது என்றால் அதையே சொல்லுங்கள். கேள்வி புரியாவிட்டால் இன்னொரு முறை கேளுங்கள், அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

"இல்லை" என்று வந்துவிட்டால்? என்னை இரவில் எழுப்பியது இந்தக் கேள்விதான். உதவித்தொகை 2020-இல் மாதம் 600 வெள்ளியில் தொடங்கி, 2025-இல் 662 வெள்ளிக்கு வந்தது. கடும் உடற்குறை நீடிக்கும் வரை ஆயுளுக்கும் வரும். சின்னத் தொகை இல்லை, கவலை இருக்கத்தான் செய்யும். ஆனால் உடல்நிலை மோசமானால் மறுபடி விண்ணப்பிக்கலாம். மூன்று காரியங்களில் எப்போதும் ஓரளவு உதவி தேவை என்ற நிலையில் இருப்பவர்களுக்கு வீட்டுப் பராமரிப்பு மானியம் தனியாக இருக்கிறது. குடும்ப வருமானத்தையும் பார்ப்பார்கள். அதற்கு ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பிடம் கேளுங்கள்.

பயம் வாரக்கணக்கில் தூக்கத்தையும் சாப்பாட்டையும் கெடுத்தால், பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) அடுத்த சந்திப்பின்போது மருத்துவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். நடு இரவில் பேச ஆள் வேண்டுமென்றால் 1771 என்ற எண் 24 மணி நேரமும் இருக்கிறது.

அவர் போன பிறகு "அதை விட்டுவிட்டோமே, இதைச் சொன்னோமே" என்று வீடே கூடி ஆராய்ச்சி நடத்தும். என் வீட்டில் மகன் தொடங்கினான். டிவியைப் போடு என்றேன். நோட்டுப் புத்தகத்தை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மறு விண்ணப்பம் என்று வந்தால் அதே பக்கங்கள் தேவைப்படும்.