புதிய பாக்டீரியா என்று அறிவிப்பதற்கு முன்

அகார் தட்டில் (பாக்டீரியா வளர்க்கும் கூழ்த் தட்டு) இதுவரை பார்க்காத நிறத்தில் ஒரு காலனி (ஒரே இடத்தில் பெருகிய பாக்டீரியாக் கூட்டம்) தெரிந்தால் மனசு துள்ளும், அது இயல்புதான். ஆனால் பழகிய பாக்டீரியாவே வளர்ப்பு ஊடகமோ வெப்பநிலையோ மாறினால் நிறத்தை மாற்றிக்கொள்ளும். அதனால் நிறத்தை நம்பாதீர்கள்.

முதலில் தூய்மை. ஒரே ஒரு காலனியை எடுத்துப் புதிய தட்டில் ஸ்ட்ரீக் செய்யுங்கள் (லூப் என்ற கம்பி வளையத்தால் கோடுகளாக இழுத்துப் பரப்புவது), வளர்ந்ததிலிருந்து மறுபடி ஒற்றைக் காலனி, இப்படிக் குறைந்தது மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் தட்டைச் சாய்த்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்துப் பாருங்கள். காலனியின் ஓரத்தில் மெல்லிய, கண்ணாடி போன்ற படலம் தனியாகப் படர்ந்திருந்தால் கூடவே வேறொன்றும் வளர்கிறதோ என்று சந்தேகப்படுங்கள். தூய்மையானதும் கிளிசராலில் கலந்து மைனஸ் 80 டிகிரியில் சேமித்துவிடுங்கள். இதைத் தள்ளிப்போடவே கூடாது.

அப்புறம் 16எஸ் ஆர்ஆர்என்ஏ மரபணு, எல்லா பாக்டீரியாவிலும் இருப்பதால் இனம் காண உதவுவது. 27எஃப், 1492ஆர் என்ற பிரைமர்களை (பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் குட்டி டிஎன்ஏ துண்டுகள்) வைத்துப் பெருக்கி வரிசையைப் படித்தால் ஏறக்குறைய 1,500 டிஎன்ஏ எழுத்துகள் கிடைக்கும். அதை டைப் ஸ்ட்ரெயின்களோடு (ஒவ்வொரு சிற்றினப் பெயருக்கும் அடையாள மாதிரியாக வைத்திருக்கும் வளர்ப்புகள்) மட்டும் ஒப்பிடுங்கள். பொதுத் தரவுத்தளத்தில் முதலில் வந்து நிற்கும் பெயரை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், தவறான பெயரோடு ஏற்றப்பட்ட வரிசைகள் அங்கே நிறைய. ஒற்றுமை 98.7 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் புதிய சிற்றினமாக இருக்க நல்ல வாய்ப்பு. மேலே இருந்தால் பழையது என்று முடிவு கட்டிவிட முடியாது, பலரும் சறுக்கும் இடம் இதுதான். பேசில்லஸ் ஆந்த்ராசிஸும் பேசில்லஸ் சீரியஸும் இந்த மரபணுவில் 99 சதவீதத்துக்கும் மேல் ஒத்துப்போகும், ஆனாலும் இரண்டும் தனித்தனிச் சிற்றினங்கள். இந்த மரபணு மிக மெதுவாக மாறுவது. நுண்ணுயிரியலாளர் கார்ல் வோஸ் 1977-ல் ஆர்க்கியாவை (பாக்டீரியா போலவே தெரியும் வேறு நுண்ணுயிர்க் குலம்) தனிக் கிளையாகப் பிரித்துக் காட்ட உதவியதும் இந்த மெதுவான குணம்தான், நெருங்கிய சொந்தங்களைப் பிரிக்கத் திணறுவதற்குக் காரணமும் அதே குணம்தான்.

ஆக, தீர்ப்பு முழு ஜீனோமில், அதாவது மொத்த டிஎன்ஏ வரிசையில், இருக்கிறது. நெருங்கிய டைப் ஸ்ட்ரெயின் ஒவ்வொன்றின் ஜீனோமோடும் ஏஎன்ஐ மதிப்பை (இரண்டு ஜீனோம்களின் சராசரி எழுத்து ஒற்றுமை) கணக்கிடுங்கள்: 95-96 சதவீதத்துக்குக் கீழே வந்தால் வேறு சிற்றினம். கணினி வழி டிஎன்ஏ கலப்பின மதிப்புக்கு (இரண்டு டிஎன்ஏக்கள் எவ்வளவு ஒட்டும் என்ற கணிப்பு) எல்லை 70 சதவீதம், அதற்குக் கீழே வேறு சிற்றினம். இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்தால் தைரியமாக மேலே போகலாம். எந்தப் பேரினத்தில் சேர்ப்பது என்பதற்கு இப்படி ஒரே எண் கிடையாது, பல மரபணுக்களை வைத்து மரபுவழி மரம் வரைந்து அது எந்தக் கிளையில் உட்காருகிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

ஜீனோம் இருக்கிறதே, ஆய்வக சோதனை எதற்கு என்று கேட்காதீர்கள். கிராம் சாயத்தில் (செல்சுவரைப் பொறுத்து பாக்டீரியாவை பாசிட்டிவ், நெகட்டிவ் என்று பிரிக்கும் சோதனை) குழப்பம் வந்தால் 3 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு துளியில் காலனியைக் கலந்து லூப்பை மெல்லத் தூக்குங்கள்: பிசுபிசுவென்று நூல் போல இழுபட்டு வந்தால் பெரும்பாலும் கிராம் நெகட்டிவ். கேட்டலேஸ், ஆக்சிடேஸ் நொதிகள் இருக்கின்றனவா, எந்த வெப்பநிலை, எந்த பிஎச், எவ்வளவு உப்பில் வளர்கிறது என்பதெல்லாம் வேண்டும். செல்லில் உள்ள கொழுப்பு அமிலங்களின் பட்டியலுக்கு மட்டும் நெருங்கிய டைப் ஸ்ட்ரெயினையும் உங்கள் ஸ்ட்ரெயினையும் ஒரே ஊடகத்தில், ஒரே வெப்பநிலையில், ஒரே வயதுவரை பக்கத்தில் பக்கத்தில் வளருங்கள். வெப்பநிலை மாறினாலே அந்தப் பட்டியல் மாறிவிடும், பழைய கட்டுரையிலிருந்து எண்களை எடுத்து ஒப்பிடுவது வீண்.

கடைசியில் பெயர். லத்தீன் இலக்கணத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். ஸ்ட்ரெயினை இரண்டு வெவ்வேறு நாடுகளில் உள்ள சேமிப்பு மையங்களில் ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும், ஜெர்மனியின் டிஎஸ்எம்இசட், ஜப்பானின் ஜேசிஎம் போன்றவை. நுண்ணுயிர் வகைப்பாட்டுக்கான ஐஜெஎஸ்ஈஎம் என்ற சர்வதேச இதழில் வெளியானாலோ, வேறு இதழில் வந்து அதன் ஏற்புப் பட்டியலில் இடம்பெற்றாலோதான் பாக்டீரியப் பெயர் விதித்தொகுப்பின்படி பெயர் செல்லும். வளர்க்கவே முடியாததற்கு 'கேண்டிடேட்டஸ்' என்று முன்னொட்டு வைக்கலாம், 2022-ல் வந்த சீக்கோடு என்ற பெயரிடும் முறையிலோ ஜீனோமையே டைப்பாகக் கொடுத்துப் பதியலாம். காப்புரிமைக்காகப் பூட்டி வைத்த ஸ்ட்ரெயின் மட்டும் இருந்தால் விதித்தொகுப்பு ஏற்காது. கேட்கும் ஆய்வாளர் யாருக்கும் அது தடையில்லாமல் கிடைக்க வேண்டும்.