தரை இருவாச்சியைப் பற்றி ஒரு மணி நேரம் பாடம் நடத்துவது எப்படி

சுங்கை சிப்புட் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளில், சனிக்கிழமைப் புறப்பாட நடவடிக்கையின்போது இயற்கைக் கழகத்தைக் கவனித்துக்கொள்ளும் ஆசிரியர்களுக்காகவும் உதவிக்கு வரும் பெற்றோர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். நான் ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு இருமுறை நடத்திய பாடம் இது. தென்னாப்பிரிக்காவிலிருந்து கென்யா வரை புல்வெளிகளில் நடந்தே இரை தேடும் தெற்குத் தரை இருவாச்சி (southern ground hornbill) என்னும் பறவைதான் இதன் நாயகன். யானையையும் சிங்கத்தையும் விட்டுவிட்டு இதை எடுத்ததற்குக் காரணம், ஓர் உயிரினம் எப்படி அருகிப்போகிறது என்பதை வெறும் கூட்டல் பெருக்கலாலேயே பிள்ளைகளுக்குப் புரியவைக்க இப்பறவை இடம் தருகிறது என்பதுதான்.

மணிலா அட்டை, சுண்ணக்கட்டி, ஐந்து கிலோ அரிசிப் பை ஒன்று, முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று, ரப்பர் கொட்டைகள் முப்பது ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் கொட்டை கிடைக்காத தோட்டங்களில் புளியங்கொட்டை போதும்.

முதலில் உருவத்தைக் காட்டுங்கள். அலகு நுனியிலிருந்து வால் வரை ஏறத்தாழ 90 முதல் 130 சென்டிமீட்டர் என்று வாயால் சொன்னால் எதுவும் பதியாது. சுவரில் ஒரு மீட்டருக்குக் கோடு போட்டு, பக்கத்தில் அட்டையில் வெட்டிய பறவையை ஒட்டுங்கள். வளர்ந்த ஆண் பறவை ஆறு கிலோ வரைகூட இருக்கும் என்பதால், அரிசிப் பையை ஒவ்வொருவரையும் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். உடல் முழுவதும் கருமை. இறக்கையின் வெள்ளைச் சிறகுகள் பறக்கும்போது மட்டுமே தெரியும் என்பதால், அட்டை இறக்கையை மடித்து விரிக்கும்படி அமைப்பது நல்லது. கண்ணைச் சுற்றி நீண்ட இமைமயிர் போல் இருப்பவை உண்மையில் உருமாறிய இறகுகள்; வெயிலுக்கும் தூசிக்கும் அவை மறைப்பு.

தொண்டைப் பையில் மட்டும் கவனம் தேவை. முதல் முறை நான் இரண்டு பறவைகளுக்கும் முழுச் சிவப்பைத் தீட்டிவிட்டேன். முன் வரிசையில் இருந்த ஒரு சிறுமி நெடுநேரம் பார்த்துவிட்டு, “இதுல அம்மா எது சார்?” என்று கேட்டபோதுதான் பிழை உறைத்தது. ஆணுக்குத்தான் தொண்டை முழுவதும் சிவப்பு. பெண்ணுக்கு அந்தச் சிவப்பின் நடுவே நீலமும் ஊதாவும் கலந்த திட்டு உண்டு.

அடுத்தது இடம். தென்னாப்பிரிக்காவில் ஒரு குடும்பத்தின் எல்லை ஏறத்தாழ 100 சதுர கிலோமீட்டர், அதாவது சுமார் 24,700 ஏக்கர். நம் பிள்ளைகளுக்குச் சதுர கிலோமீட்டரைவிட ஏக்கர்தான் பழக்கம்; 2,500 ஏக்கர் தோட்டங்கள் பத்தை ஒன்றாகச் சேர்த்தால் ஒரே குடும்பத்துக்கு ஆகும் என்று சொன்னால் பின் வரிசையிலும் சலசலப்பு எழும். விடியற்காலையில் அக்குடும்பம் தன் எல்லையை அறிவிக்க எழுப்பும் அடித்தொண்டை முழக்கம் பல கிலோமீட்டர் கேட்கும். பள்ளியில் யாராவது உறுமி மேளம் வாசிப்பவர் இருந்தால், தோலைத் தேய்த்து எழுப்பும் அந்த ஆழ்ந்த ஓசையை ஒருமுறை கேட்கச் செய்யுங்கள். ஒலிநாடாவைவிட அது நன்றாக மனத்தில் நிற்கும்.

இனிதான் பாடத்தின் உயிர். பாதி நேரத்தை இதற்கே ஒதுக்குங்கள். ஒரு கூட்டத்தில் பல பறவைகள் இருந்தாலும், முட்டையிடுவது ஒரே இணைதான். மற்றவை இரை கொண்டுவந்து கொடுத்துக் குஞ்சை வளர்க்க உதவும் கூட்டுக் குடும்பம் அது. தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவில் நடந்த ஆய்வின்படி, ஒரு கூட்டத்தில் சராசரியாக ஒன்பது ஆண்டுக்கு ஒரு குஞ்சுதான் வளர்ந்து ஆளாகிறது. ஒரு மாணவரை அழைத்து, ஆண்டுக்கு ஒன்றாக ரப்பர் கொட்டைகளை மேசையில் வைக்கச் சொல்லுங்கள். ஒன்பதாவது கொட்டை விழும்போது ஒரே ஒரு அட்டைக் குஞ்சை எடுத்து வையுங்கள். பிறகு, நரிக்கு வைத்த நஞ்சு கலந்த இறைச்சியைத் தின்று அக்கூட்டத்தில் மூன்று பறவைகள் செத்துவிட்டதாகச் சொல்லி, அவற்றை ஈடுகட்ட எத்தனை கொட்டைகள் வேண்டும் என்று கேளுங்கள். இருபத்தேழு! ஒரு ரப்பர் கன்றை நட்டு, பால் மரமாக்கி, கடைசியில் வெட்டிச் சாய்த்து மறுநடவு செய்யும் காலம் அது. அந்தக் கணக்கைத் தாத்தா பாட்டியிடம் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

இரண்டாம் குஞ்சின் கதையை அழுகை வரவழைக்கும்படி சொல்லாதீர்கள். பொதுவாக இரண்டு முட்டைகள், சில நாள் இடைவெளியில். பிந்திப் பொரிக்கும் குஞ்சு, மூத்ததோடு போட்டியிட முடியாமல் பசியால் இறந்துவிடும். முதல் முட்டை கூமுட்டையானால் கைகொடுப்பதற்கான காப்பு அது, அவ்வளவுதான். வீணாகும் அந்தக் குஞ்சை எடுத்துக் கையில் வளர்த்து, அனுபவமுள்ள மூத்த பறவைகளோடு சேர்த்துக் காட்டில் விடும் வேலையைத் தென்னாப்பிரிக்காவின் மபூலா தரை இருவாச்சித் திட்டம் செய்துவருகிறது. மூத்தவற்றோடு சேர்ப்பது முக்கியம். எதைத் தின்பது, எதற்கு அஞ்சுவது என்பதைக் குஞ்சு பெரியவற்றிடமே கற்கிறது.

கண்ணாடியை இப்போது எடுக்கலாம். லயத்து வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிள் கண்ணாடியைக் குண்டுகரிச்சான் கொத்துவதைப் பார்க்காத பிள்ளை இருக்காது. தரை இருவாச்சியும் சன்னலில் தெரியும் தன் பிம்பத்தை எதிரியாக எண்ணித் தாக்கும். அந்த அலகுக்குச் சன்னல் தாங்காது. ஆத்திரத்தில் சிலர் பறவையையே கொன்றுவிடுவதும் உண்டு. சன்னலை மறைத்துவைத்தால் தீரும் தகராறு இது.

மழைக்காக இப்பறவையைக் கொன்று நீரில் இடும் நம்பிக்கையும், அதைக் கொல்வதே பாவம் என்னும் நம்பிக்கையும் ஆப்பிரிக்காவில் உண்டு. பிள்ளைகள் சிரித்தால், ஆந்தை அலறினால் நம் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று கேளுங்கள்.

கடைசியில் “இது நம்ம ஊருக்கு வருமா?” என்று கட்டாயம் கேட்பார்கள். வராது, ஆனால் மலேசியாவில் பத்து வகை இருவாச்சிகள் உண்டு, நம் பேராக்கின் பெலும் தெமெங்கோர் காடு அவற்றுக்குப் பேர்போனது. நம்முடையவற்றில் பெண் பறவை பொந்துக்குள் புகுந்து வாயிலை அடைத்துக்கொள்ளும். தரை இருவாச்சி அடைப்பதில்லை. எனினும் இரண்டுக்கும் வேண்டியது முதிர்ந்த மரத்தின் பெரிய பொந்துதான். செம்பனையில் அது உண்டாகாது. ரப்பர் மரத்தையோ பொந்து விழும் வயதுவரை யாரும் விட்டுவைப்பதில்லை. க்ரூகரை ஒட்டிய தனியார் காப்பகங்களில் மரங்களில் செயற்கைக் கூடுகளைக் கட்டிவைத்தார்கள். பறவைகள் அவற்றை ஏற்றுக் குஞ்சு பொரித்தன. நேரம் மிஞ்சினால், ஒரு மீட்டர்ப் பறவை நுழைந்து திரும்ப எவ்வளவு அகலப் பொந்து வேண்டும் என்று அட்டைப் பறவையை வைத்தே அளக்கச் சொல்லுங்கள். பிறகு பள்ளித் திடலைச் சுற்றியுள்ள மரங்களில் அந்த அளவுக்குப் பொந்து இருக்கிறதா என்று தேட அனுப்புங்கள்.